அத்தான் போகாத தீவு

“…உந்தச் சட்டியை வாசலிலை வைக்காதேங்கோ அன்ரி, என்ரை கையிலை தாங்கோ” என்று அக்கா சொன்னபோது வீடு முழுக்கச் சனம். அத்தான் செத்து எட்டாம் நாள், எட்டுச் செலவு அன்று. அவருடைய படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்து, அவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள். அன்றைய சமையலில் ஒருவரும் உப்புக்கூடப் பார்ப்பதில்லை. முதல் வாய் போனவருக்குத்தான்.

அந்த அன்ரி சொந்தமில்லை. ஆனால் கனடாவில், இந்த ஸ்காபரோவில் எங்களுக்குத் தெரிந்த எந்தச் சாவீட்டிலும் அவர்தான் முன்னுக்கு நிற்பார். அவர் வாசலில் சப்பாத்துத் தட்டின் மேல் வைக்கப் போனது, அலுமினியத் தாளால் மூடிய ஒரு சட்டி. அதைக் கொண்டுவந்த பெண் உள்ளே வரலாமோ என்று தெரியாமல் வெளியே நின்றாள்.

மிசிசாகாவில் ஒரு வெயர்ஹவுஸில் அத்தானுக்குப் பக்கத்து மேசையில் பெட்டி கட்டுகிறவள் அவள். ஊர் கிரெனடா. அத்தானுக்குக் கரீபியன் தீவுப் பைத்தியம் பிடித்தது அவளால்தான். ஓகஸ்டில் அங்கே பெரிய கொண்டாட்டம் வரும், மனைவியையும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு அத்தான் வேலையால் வந்து சாப்பிட இருந்தால் கையில் ஃபோன்தான். சுற்றுலாப் பயணிகளுக்கென்று அந்தத் தீவுக்காரர் எழுதிப் போட்டதையெல்லாம் வாசித்து எங்களுக்குத் தமிழில் சொல்லுவார். நீச்சல் உடுப்போடு கடைக்குள் போகக் கூடாது. ஆரையும் கண்டால் முதலில் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் விசயத்தைக் கேட்க வேண்டும். ஒருநாள் அஜக்ஸிலிருந்த எனக்கு ஃபோன் எடுத்தே சொன்னார்:

“மச்சாள், அங்கை ஆமிக்காரரைத் தவிர வேறை ஒருத்தரும் ஆமியின்ரை பச்சைப்புள்ளித் துணி போடேலாதாம். போட்டால் பிடிச்சுப்போடுவாங்களாம். மனுசர் சீவிக்கிற இடமெண்டால் உதுதான்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஊரில் அந்தத் துணியைக் கண்டு ஓடினது ஞாபகம் வந்த எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கொண்டாட்டத்தில் விடியமுன்னம் சனம் உடம்பெல்லாம் கறுப்பு எண்ணெய் பூசி, தலையில் கொம்பு வைத்து, சங்கிலியை இழுத்துக்கொண்டு ஆடுமாம். வேடிக்கை பார்க்கிறவனுக்கும் பூசிவிடுமாம். பழைய உடுப்போடு வாருங்கள் என்று எழுதியிருக்கிறது என்று சொல்லி, அதற்கென்றே ஒரு பழைய சேட்டு எடுத்து வைத்தார். அக்கா விடுவாரா? “உங்களுக்குப் பூசினாலும் பூசாட்டிலும் ஒரு வித்தியாசமும் தெரியாது” என்றார். பிறகு என்னிடம் திரும்பி, ஒரு தீவாரைக் கட்டினது காணாதென்று இப்போது இன்னொரு தீவுக்கும் இழுக்கிறார் என்று முறையிட்டார். அத்தான் யாழ்ப்பாணத்துத் தீவுகளில் நயினாதீவுப் பக்கம், நாங்கள் தரைப்பக்கம், வலிகாமம். அந்தப் பகிடி அந்த வீட்டில் கலியாணம் முடித்த நாளிலிருந்து ஓடுகிறது. அதற்கு முதலில் சிரிக்கிறவரும் அத்தான்தான்.

கொண்டாட்டத்தில் என்ன சாப்பாடு என்று நான் ஒருநாள் கேட்டேன். எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்கிற மனிதர், “அது அங்கை போய்ப் பாப்பம்” என்று கதையை மாற்றிவிட்டார்.

ரிக்கற் எடுத்தாயிற்று. ஜூன் மாதம், வேலையிடத்தில் மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் இருந்தவள் அந்தப் பெண்தான்.

எட்டுச் செலவுக்கு என்ன சமைப்பது என்று கேட்டபோது அக்கா யோசிக்கவே இல்லை. பிட்டு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, மீன் பொரியல். பிட்டைத் தானே அவிப்பேன் என்று நின்றார். இத்தனை வருடமும் வேலைக்குப் பிட்டுத்தான் கட்டிக் கொடுத்தார். சாப்பாட்டுப் பெட்டி ஒருநாள்கூட மிச்சத்தோடு திரும்பி வந்ததில்லை. “என்ரை பிட்டெண்டால் அந்த மனுசன் பெட்டியை நக்கிப்போட்டுத்தான் மூடும்” என்று அழுகைக்கு நடுவிலும் பெருமையாகச் சொன்னார்.

அன்று வாசலில் அந்தப் பெண் சொன்னதை நான்தான் இடையில் நின்று தமிழில் சொன்னேன். சட்டியில் இருப்பது ஈரப்பலாக்காய், சீமைப்பலா என்பார்களே, அதுதான். தேங்காய்ப் பாலும் உப்பு மீனும் போட்டு வற்ற வைத்தது. கொண்டாட்ட நாளில் அவர்களின் ஊரில் முற்றத்துக்கு முற்றம் இதுதான் வேகுமாம். பன்றி இறைச்சியும் போடுவார்கள், ஆனால் அத்தான் தொடமாட்டார் என்பதால் அவள் போடவில்லை. மத்தியானத்தில் இருவரும் பெட்டியை மாற்றிச் சாப்பிடுவார்களாம். அவருக்கு இதென்றால் உயிர். அக்காவின் பிட்டை அவள்தான் சாப்பிட்டு வந்திருக்கிறாள். அதற்கு ஒருநாள் நேரில் நன்றி சொல்ல வேண்டும் என்று இருந்தாளாம். அக்காவுக்கு எல்லாம் தெரியும் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள்.

“எவ்வளவு காலமா எண்டு கேள்” என்றார் அக்கா.

கேட்டேன். தான் அங்கே வேலைக்கு வந்த முதல் குளிர்காலத்திலிருந்து, வருடக்கணக்காக என்றாள்.

அக்கா சட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “கலியாணம் முடிச்ச புதிசிலை ஈரப்பலாக்காய் வாங்கிக்கொண்டு வந்தவர். எனக்கு உந்த மணம் சரிவராது எண்டு ஒருக்கால் சொன்னனான். ஒரேயொருக்கால். அதுக்குப் பிறகு அந்த மனுசன் வாயே திறக்கேல்லை.”

அன்ரி நிலைமையைக் கையில் எடுத்தார். ஆரோ எவரோ சமைத்ததைப் படையலில் வைக்கேலாது, அதற்குள் என்னென்ன கிடக்கோ, அந்தப் பிள்ளையின் மனம் நோகாமல் வாங்கி வாசலில் வைப்போம், பிறகு பார்க்கலாம் என்றார். அவர் சொன்னதிலும் பிழையில்லை. அப்படியே சட்டியை வாங்கித் திரும்பியபோதுதான் அக்கா அதைத் தன் கையில் தரச் சொன்னார்.

வாங்கியவர், இன்னும் படைக்காத இலைப் பக்கம் போகவில்லை. நின்ற இடத்திலேயே, எல்லாச் சனத்துக்கும் முன்னால், தாளைக் கிழித்தார். ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்து, பிடிக்காத ஒன்றைச் சாப்பிடுகிற முகத்தோடு மெதுவாகச் சப்பினார். விழுங்கினார். பிறகு இன்னொரு துண்டை எடுத்தார்.