மூன்று சதவீதம் அதிகம்

ஆஸ்டின் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறவள் டோரீன். ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை இயக்கும் டெக்னீஷியன். பதினெட்டு வருஷ சர்வீஸ். அணுக்கள் வரிசையாக நிற்பதைப் படமெடுத்து, வரிசைக்கு வரிசை எவ்வளவு இடைவெளி என்று அளந்து மாணவர்களுக்குக் கொடுப்பாள்.

மார்ச்சில் மெஷினை சர்வீஸ் செய்தார்கள். அதன்பின் தங்கத்தை வைத்து அளவைச் சரிபார்க்க வேண்டும். தங்க அணு வரிசைகளின் இடைவெளி உலகம் முழுக்கத் தெரிந்ததுதான்: 0.235 நானோமீட்டர். அன்று அவள் கணவன் ரெமிஜியஸுக்கு ஆஞ்சியோ. சரிபார்த்ததாகப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மறுநாள் செய்துகொள்ளலாம் என்று நினைத்தவள், அடியோடு மறந்துபோனாள்.

ஆகஸ்டில் ஏதோ ஒரு படம் சந்தேகமாகப் பட்டது. தங்கத்தை வைத்தாள். 0.242. வேறு சாம்பிள் வைத்தாள். அதே 0.242. மெஷின் ஐந்து மாதமாக எல்லாவற்றையும் மூன்று சதவீதம் கூட்டிக் காட்டியிருக்கிறது. லாவண்யா என்ற ஆராய்ச்சி மாணவி, தான் தயாரித்த பொருளில் அணு வரிசைகள் வழக்கத்தைவிட மூன்று சதவீதம் விலகி நிற்பதாகக் கட்டுரை எழுதியிருந்தாள். போன வாரம்தான் அது ஏற்கப்பட்டது. எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள்.

இரண்டு நாள் டோரீன் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் லாவண்யாவைத் தனியே கூப்பிட்டாள்.

"உன் அளவு தப்பும்மா. மெஷின் ஜாஸ்தி காட்டிருக்கு."

"எப்பலேருந்து மேடம்?"

"மார்ச்சிலேருந்து. கோல்டு பாக்காமலே பாத்தேன்னு சைன் போட்டுட்டேன்."

"அப்ப நான் கண்டுபிடிச்சது?"

டோரீன் 0.242 என்று வந்த தங்கத்தின் படத்தை அவள் முன் நகர்த்தினாள்.

"ஊர்ல அப்பா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு மேடம்."

டோரீனே டைரக்டருக்கு எழுதிக் கொடுத்தாள். மூன்று சதவீதத்தைத் திருத்தியதும் லாவண்யாவின் பொருளில் புதுமை எதுவும் மிஞ்சவில்லை. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. டோரீனுக்கு மெமோ வந்தது. மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுத்து சாம்பிள் தயாரிக்கும் அறைக்கு மாற்றினார்கள்.

"என்னாலதானே இதெல்லாம்?" என்றான் ரெமிஜியஸ்.

"நீ சும்மா இரு. சைன் போட்டது நான்."

லாவண்யா இப்போது தன் சாம்பிள்களை வேறு நிலையத்துக்குக் கொண்டுபோய் அளக்கிறாள். இங்கே வராந்தாவில் எதிர்ப்பட்டால் போனைப் பார்த்தபடி நடக்கிறாள். டோரீன் சுவரோரமாக ஒதுங்கி வழிவிடுகிறாள்.