நாலு சக்கரத்துக்கு நாலு சுண்டைக்காய்

இன்றைக்குச் சிதம்பரத்தில் யாரைப் பார்க்க நேர்ந்தது தெரியுமா? சார்லஸை. பஸ் ஸ்டாண்டு பக்கம், செருப்புக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, உடம்பைத் திருப்பிக்கொண்டுதான் நுழைய முடிகிற ஒரு கடை அவருடையது. உள்ளங்கையில் அடங்கும் ரிமோட் கார்கள், அவற்றுக்கு டயர், பல்சக்கரம், பேட்டரி எல்லாம் அங்கே கிடைக்கும். படுத்துவிட்ட வண்டியை ஓட வைத்தும் தருவார். அவருக்குக் கல்யாணம் நிச்சயமான கதையைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துக் கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

சார்லஸ் கடலூர்க்காரர். வீட்டில் சார்ஜ் ஏற்றிய பேட்டரிகளை டிபன் டப்பாவில் அடுக்கிக்கொண்டு தினமும் பஸ் ஏறுவார். குறிஞ்சிப்பாடி சகாய பிரியாவை அவருக்குப் பேசினார்கள். மாதா கோயிலில் பூசை முடிந்து இருவரும் கொஞ்ச நேரம் பேசியபோது அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "அந்தக் குட்டி வண்டி ஹாரன் அடிக்குமா?" அன்றிலிருந்து அவளைத் தவிர வேறு யாரும் சார்லஸின் மனதில் இல்லை.

சிக்கல் அவள் அப்பா மரியலூர்து. அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். யாரோ அவர் காதில் இரண்டு விஷயத்தைப் போட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை பார்ப்பது பொம்மைக் கார் வேலை என்பது ஒன்று. அடிக்கடி ஃபேன்சி ஸ்டோரில் நெயில் பாலீஷ் வாங்குகிறார் என்பது இன்னொன்று.

ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார் மரியலூர்து. மேஜைமேல் சிவப்பு, பச்சை, ஊதா என்று நெயில் பாலீஷ் பாட்டில்கள் வரிசையாக நின்றன. பக்கத்தில் ஒரு கற்றை நீள முடி.

"யார்து தம்பி?"

"எதுங்க சார்?"

"முடி."

"மேல்பட்டாம்பாக்கம் அமராவதி டீச்சரோடதுங்க."

மரியலூர்து செருப்பில் காலை நுழைத்துவிட்டார். சார்லஸ் பதறிப்போய் வழியை மறித்தார்.

"சார், உக்காருங்க. அவுங்க வீட்டு வண்டிலேர்ந்து எடுத்தது. வீட்டுக்குள்ள ஓட்டுனா தரையில கெடக்குற முடியெல்லாம் ஆக்ஸில்ல சுத்திக்கும். மோட்டார் இழுக்க முடியாம சூடாயிடும்."

ஒரு குட்டிக் காரின் சக்கரத்தைக் கழற்றி, இடுக்கியால் ஒரு முடியைப் பிடித்து இழுத்தார். வந்துகொண்டே இருந்தது.

"அப்ப நெயில் பாலீஷு?"

"வண்டிக்கு நாலு பேட்டரி சார். நாலையும் ஒண்ணா வாங்கி, ஒண்ணா சார்ஜ் போட்டு, ஒண்ணாவே ஓட்டணும். புதுசோட பழசு கலந்துட்டா ரெண்டும் கெட்டுடும். அதான் ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு கலர் வெச்சிடுறேன்."

மரியலூர்து செருப்பைக் கழற்றினார். "சரி. ஆனா இது வண்டி இல்ல தம்பி, பொம்ம."

அந்த நேரம் பார்த்து, கல்லூரியில் பாடம் எடுக்கும் தமிழ்மணி தன் புது ரிமோட் காரை வாங்கிப்போக வந்தார். மரியலூர்துவின் முகம் மாறியது.

"புது வண்டியா? எலுமிச்சம்பழம் எங்க?"

"நீங்க கிறிஸ்டியன்தானே சார்?" என்றார் தமிழ்மணி.

"மதம் வேற, டயர் வேற. டேஷ்போர்டுல லூர்து மாதா, டயருக்கு எலுமிச்சம்பழம். என் பஸ்ஸு ஒரு நாள் நின்னதில்ல."

ஜூஸ் கடையில் ஒரு பழம் வாங்கி வந்து காருக்கு முன்னால் வைத்தார். பழம் காரின் கூரை உயரம் இருந்தது. தமிழ்மணி ரிமோட்டை அழுத்தினார். கார் முட்டியது, பழம் உருண்டது. மேஜை முழுக்கக் கார் பழத்தைத் துரத்தியது. பொறுமை இழந்த மரியலூர்து காரைத் தூக்கிப் பழத்தின்மேல் வைத்துக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். சாறு நேராகப் பேட்டரி இருக்கும் குழிக்குள் பாய்ந்தது. கார் ஒரு முறை நடுங்கி நின்றது.

"கைய எடுங்க மாமா. உங்க பஸ் இன்ஜின்ல எவனாச்சும் ஜூஸ் ஊத்துனா சும்மா வுடுவீங்களா? ஓரமா நில்லுங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று சார்லஸுக்கு உறைத்தது. மாமா என்று கூப்பிட இன்னும் யாரும் அனுமதி தரவில்லை. பிரியா கைநழுவிப் போய்விட்டாள் என்றே முடிவுகட்டினார். ஆனால் கை நிற்கவில்லை. பேட்டரிகளைப் பிடுங்கினார், பிசுபிசுப்பைக் காது குடையும் பஞ்சால் துடைத்தார், ஸ்பிரிட் தொட்டு இன்னொரு முறை துடைத்தார், மேஜை விசிறி முன்னால் காரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கல்யாணம்தான் போச்சு, வண்டியாவது பிழைக்கட்டும்.

காய்ந்ததும் பேட்டரிகளைத் திரும்பப் போட்டார். கார் விருட்டென்று ஓடி நெயில் பாலீஷ் பாட்டிலைத் தட்டிவிட்டது. தமிழ்மணிக்கு ஒரே சந்தோஷம். மரியலூர்து மட்டும் சொன்னபடி ஓரமாகவே நின்றிருந்தார்.

"என் வண்டியில எவன் கைய வெச்சாலும் நான் வுட்டதில்ல. பெரிய ஆபீசர்னாலும் சத்தந்தான். நீ பொண்ணு குடுக்க வந்தவனையே அதட்டிட்ட."

"தெரியாம சொல்லிட்டேன் மாமா..."

"ரெண்டு வாட்டி மாமான்னுட்ட. இனிமே சார்னு மாத்துனா நல்லா இருக்காது."

சாயங்காலம் பிரியா போன் செய்தாள். "எங்கப்பாவ ஓரமா நிக்க சொன்னீங்களாமே. அவுரும் நின்னாராமே. எங்கம்மாவால இன்னிக்கி வரைக்கும் முடியல."

"கோவமா?"

"அதெல்லாம் இல்ல. எலுமிச்சம்பழம்தான் அந்த வண்டிக்கு ஜாஸ்தி. சுண்டைக்கா வெச்சுப் பாருங்க."

வருகிற தை மாதம் கல்யாணம். இன்றைக்குப் போனபோது மரியலூர்துதான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு கிண்ணம் சுண்டைக்காயோடு. விற்பனையாகும் ஒவ்வொரு புது வண்டிக்கும் சக்கரத்துக்கு ஒன்றாக வைக்கிறார். கார் அதைத் தள்ளிக்கொண்டு கிளம்புகிறது. "நசுக்கக் கூடாது. மாப்ள உத்தரவு," என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறார்.

உங்கள் வீட்டு ஷோகேஸில் ரிமோட் கார் ஏதாவது செத்துக் கிடந்தால் சிதம்பரம் போகும்போது எடுத்துப் போங்கள். அப்படிக் கார் வைத்திருக்கும் நண்பர்களுக்கு இதை அனுப்புங்கள். சக்கரத்தில் முடி சுற்றியிருந்தால் பரவாயில்லை. யாருடையது என்று மரியலூர்து கேட்பார், சொல்லிவிடுங்கள்.