எதிர் நாற்காலியில் ஒரு டிஷ்யூ பாக்கெட்

பல்கலைக்கழகத்தில் அக்காவுக்கும் எனக்கும் ஒரே வருடம் இடம் கிடைத்தது. அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் படித்தாள். நான் ஜூனியர் காலேஜில் இரண்டு. கணக்கு சரியாகிவிட்டது. விடுதியில் இருவர் தங்கும் அறையாகக் கேட்டு வாங்கினோம். சன்னல் பக்கக் கட்டில் யாருக்கு என்று சண்டையும் போட்டு முடித்தோம், ஜெயித்தது அவள்தான். அதன்பிறகு மே மாதம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீடு திரும்பவில்லை.

ஆகஸ்டில் நான் தனியாகப் போனேன். சன்னல் பக்கக் கட்டிலைத் தாராளமாக எடுத்துக்கொண்டிருக்கலாம், கேட்க ஆளில்லை. ஆனாலும் சுவரோரக் கட்டிலில்தான் போர்வையை விரித்தேன். வெளியே கிளம்பும்போது கதவைப் பூட்டாமல் கொஞ்ச நேரம் நின்றேன். அவள் எப்போதும் செருப்பைத் தேடிக்கொண்டு பின்னால் வருபவள்.

அன்று மாலை புக்கிட் மேரா வீட்டிலிருந்து அம்மா போன் செய்தார்.

"ரெண்டு பேரும் சாப்டீங்களா?"

எத்தனையோ வருடமாகக் கேட்டுப் பழகிய வாய். சாப்பிட்டோம் என்று சொல்லிவைத்தேன். வேறு என்ன சொல்ல?

மதியம் கேண்டீனில் கூட்டம் நெரியும். இந்த ஊரில் மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போனால் போதும், அந்த இடத்தை யாரும் தொடமாட்டார்கள். முதல் நாள் எனக்கு ஒன்றும் எதிர் நாற்காலிக்கு ஒன்றும் வைத்தேன். கை தானாகச் செய்த வேலை. இரண்டும் அக்காவின் பையிலிருந்தவை. அந்தப் பையைத்தான் நான் மாட்டிக்கொண்டு திரிந்தேன். தேக்கா மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து விற்கும் பெரியவரிடம் கட்டுக்கட்டாக வாங்கி அதில் அடைத்துவைப்பாள். கடை வைக்கப் போகிறாயா என்று நான் கிண்டல் செய்வேன்.

மறுநாள் தெரிந்தேதான் வைத்தேன். தட்டைப் பிடித்துக்கொண்டு இடம் தேடி அலைந்தவர்கள் அந்தப் பாக்கெட்டைப் பார்த்ததும் விலகிப் போனார்கள். அத்தனை பேரும் அவள் வருவாள் என்று நம்பினார்கள். அது எனக்கு வேண்டியிருந்தது.

அது சீனர்களின் ஏழாம் மாதம், இறந்தவர்கள் பூமிக்கு வந்துபோவதாக அவர்கள் நம்பும் மாதம். வருடாவருடம் எங்கள் வீட்டு அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே மேடை போட்டுப் பாட்டுக் கச்சேரி நடக்கும். இறந்தவர்கள் உட்கார்ந்து கேட்பதற்காக முன்வரிசை நாற்காலிகளைக் காலியாக விட்டிருப்பார்கள். சின்ன வயதில் அக்காவும் நானும் அந்த வரிசையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்போம். அதெல்லாம் நம் பழக்கம் இல்லை என்று அம்மா கையைப் பிடித்து இழுத்துப்போவார். இப்போது எனக்கென்றும் ஒரு நாற்காலி இருந்தது. அதன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒருமுறை பாக்கெட் கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது. மின்விசிறிக் காற்று என்று சொல்லிக்கொண்டேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அவள் வந்துவிடுவாள் என்று இல்லை, பாக்கெட்டை எடுத்தால் போய்விடுவாள் என்று.

வெள்ளிக்கிழமை கோழி சாதம் வாங்கிக்கொண்டு திரும்பினால், அந்த நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பாக்கெட்டைக் கிழித்து ஒரு தாளை உருவி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் தமிழிலேயே பேசினாள். தமிழ்நாட்டிலிருந்து புதிதாகப் படிக்க வந்தவள் என்று பேச்சிலேயே தெரிந்தது. கேண்டீன்காரர்களே நாற்காலிக்கு ஒன்றாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். நல்ல வசதி என்று பாராட்ட வேறு செய்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அங்க ஆள் இருக்கு லா."

வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். பாக்கெட் எதற்கு என்று நான் வெடுக்கென்று சொன்னதும் அவள் முகம் சுருங்கிவிட்டது. இன்னொரு தாள் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை மடித்து மறுபடி உள்ளே திணிக்கப் பார்த்தாள். அப்புறம் தன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் காவலாக நின்றாள்.

"மன்னிச்சிருங்கக்கா. அவங்க வந்ததும் நானே சாரி சொல்லிர்றேன். எப்ப வருவாங்க?"

என்னை யாரும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. வீட்டில் சின்னவள் நான்.

அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே நுழைகிற ஒவ்வொரு பெண்ணையும் பார்த்துவிட்டு, இவர்தானா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். நானும் வாசலைப் பார்த்தேன். அந்த வாரம் முழுவதும் நான் செய்துகொண்டிருந்தது அதைத்தான். அவள் தட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

"எங்கக்கா," என்றேன். கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தேன். "அவ இனிமே வரமாட்டா. நீங்க உக்காருங்க."

அக்கா போனதிலிருந்து அதை வாய்விட்டு நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண் மெதுவாக உட்கார்ந்தாள். என் கண் வழிந்தபோது, அக்காவின் பாக்கெட்டிலிருந்து ஒரு தாளை உருவி என் பக்கம் நீட்டினாள்.