துணி கட்டிய பழம்

வரதராஜன்பேட்டையில் லீலா மேரிக்குக் கோபக்காரி என்று பெயர். பள்ளிக்கூடத்துச் சத்துணவுச் சமையல் அவளுடையது. வேனில் வந்திறங்கும் தக்காளியைத் திட்டாமல் அவள் நறுக்கியதில்லை.

"தரையில போட்டா எகிறுது. இதையெல்லாம் தக்காளின்னு விக்கிறானுவ."

தன் வீட்டுச் சட்டியில் அதைப் போட மாட்டாள். கொல்லையில், முந்திரிச் சருகு மக்கிய செம்மண்ணில், நாட்டுத் தக்காளி வளர்த்தாள். பூசணி மாதிரி வரிவரியாக, தட்டையாக இருக்கும். கையில் எடுத்தாலே தோல் கிழியும். ஒன்றைக் கரைத்தால் ரசத்துக்குப் புளி வேண்டாம். கல்யாணமாகி வந்தபோது ஆண்டிமடத்திலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்த விதை அது. வருடா வருடம் நல்ல பழமாக ஒன்றைச் செடியிலேயே கனிய விட்டு, பிழிந்து, சாம்பலில் புரட்டிக் காயவைத்து எடுப்பாள்.

இந்த முறை மழை விடாமல் பிடித்துக்கொண்டது. செடிகள் அழுகின. டப்பாவில் இருந்த பழைய விதையும் பூஞ்சணம் பூத்துவிட்டது. மிஞ்சியது ஒரு செடி. அதில் ஒரே பழம். யாரும் பறித்துவிடக் கூடாதென்று காம்பில் சிவப்புத் துணி கட்டினாள்.

கோயில் திருவிழா முடிந்த மறுநாள் காலை கொல்லைக்குப் போனாள். துணி இருந்தது. பழம் இல்லை.

கணவன் செபஸ்டின் வாசலில் ஷேர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பழம் எங்க?"

"காணிக்கையில வச்சேன். துணி கட்டியிருந்துச்சே, நீ நேந்துகிட்டேன்னு நெனச்சேன்."

"நான் எதுக்கு நேந்துக்கணும்? ஒங்களுக்குப் புத்தி வரணும்னா? அதுக்கு ஒரு பழம் பத்தாதுங்க."

"ஏலத்துல என்னா போட்டி தெரியுமா? ஆரோக்கியசெல்வம் அண்ணன் யாருக்கும் உட்டுக்குடுக்கலியே!"

"பெருமை வேற."

செடியிலிருந்து அவிழ்த்து வந்த துணியை அவன்மேல் எறிந்துவிட்டு நடந்தாள்.

ஆரோக்கியசெல்வம் முந்திரித் தோப்புக்காரர். காணிக்கை ஏலத்தில் கேட்ட பொருளை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்ததில்லை. எடுத்ததை வீட்டில் மாதா படத்தின் கீழ் வைத்துவிடுவார். லீலா மேரி போனபோது அங்கேதான் பழம் இருந்தது, மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில். ஒரு பக்கம் வெடித்து நீர் கசிந்தது. எறும்பு ஏறியிருந்தது.

"அண்ணே, அது விதைப்பழம். தெரியாம எடுத்துக் குடுத்துட்டாரு. குடுங்க."

"கோயிலுக்கு வந்துட்டா கோயில் பொருளும்மா. ஏலத்துல எடுத்ததைத் திருப்பிக் குடுத்தா குடும்பத்துக்கு ஆவாது."

"பழம் ஒங்களுக்கே இருக்கட்டும். விதையைப் புழிஞ்சுக்கிறேன்."

"சாமியார் மந்திரிச்ச பழத்தைப் புழியறதா? என்னா பேச்சு பேசுற!"

அவர் மனைவி சுகன்யா மேரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "குடுத்து உடுங்களேன். வூடெல்லாம் நாறுது."

"நீ சும்மா இரு."

லீலா மேரிக்குக் காது சூடேறியது. தண்ணீர் ஊற்றியவள் அவள். புழு பொறுக்கியவள் அவள். மழையில் செடிக்குச் சாக்கு பிடித்துக்கொண்டு நின்றவளும் அவள். வைத்து அழுகவிடும் உரிமை மட்டும் இந்த மனுஷனுக்கா?

"மாதா கேட்டாங்களாண்ணே, எறும்பு மொய்க்க வையின்னு?"

அவர் வாய் திறப்பதற்குள் படத்தடிக்குப் போய்விட்டாள். கட்டைவிரலை வெடிப்பில் விட்டு அழுத்தினாள். விதையும் சாறும் வலது உள்ளங்கையில் வழிந்தன. மூடிக்கொண்டாள். சப்பிப்போன தோலை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"இந்தாங்க, ஒங்க ஏலப் பொருளு."

அவர் கத்தியது தெருவரை கேட்டது. அவள் திரும்பவில்லை. விரலிடுக்கில் சாறு சொட்ட நடந்தாள். எதிரே வந்த செபஸ்டின் ஆட்டோவை நிறுத்தி, "ஏறிக்க லீலா" என்றான். ஏறவில்லை. ஆட்டோ அவள் நடைக்குப் பின்னால் உருண்டு வந்தது.

கோயில் முன்னால் சிலுவை போடாமல் அவள் ஒருநாளும் கடந்ததில்லை. இன்றும் நின்றாள். மூடிய கையைப் பார்த்தாள்.

"இப்ப கை ஒழியல" என்று கோயிலைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடந்தாள்.