என் இடது காலின் ஓரடி

நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு தை மாதத்தில் தொடங்கியது இது. மொன்றியலில் ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் திடலைக் குளிர்காலத்தில் பெரிய வெள்ளைக் கூடாரத்தால் மூடிவிடுவார்கள். உள்ளே தூண் எதுவும் கிடையாது. ஊதிக்கொண்டே இருக்கும் காற்றுத்தான் அதைத் தூக்கிப் பிடித்திருக்கும். அங்கே எனக்குத் துப்புரவு வேலை. காலை ஏழு மணிக்கு வேலை முடியும். பனி பெய்யும் நாட்களில் விடியும் வெளிச்சம் துணி வழியாக உள்ளே இறங்கும்போது எதற்கும் நிழல் இருக்காது. பாலுக்குள் நடப்பது போல இருக்கும். நான் கூச்ச சுபாவம் உள்ள ஆள். ஒருவரும் வராத அந்த நேரம் எனக்குப் பிடிக்கும்.

ஒரு நாள் மனைவியோடு தொலைபேசியில் கதைத்தபடி வாளியைத் தள்ளிக்கொண்டு போனேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"அங்கிள், நீங்க தமிழா?"

திரும்பினால், வாசலை முழுதாக அடைத்துக்கொண்டு ஒரு பெடியன் நின்றான். மொன்றியலின் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் பிறந்து வளர்ந்த நம்முடைய பிள்ளை. முட்டை வடிவப் பந்தோடு முட்டி மோதி ஆடுவார்களே, அந்த ஆட்டத்தில் பல்கலைக்கழக அணியின் முன்வரிசையில் நின்று எதிராளியை மறிக்கிறவன். படிப்பு முடிய இன்னும் சில மாதங்கள்தான். அதற்குள் தொழில்முறை அணி ஒன்று தன்னை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அவன் கனவு. ஆனால் அகலம் இருந்தாலும் உயரம் போதாது, தொழில்முறை அணியின் முன்வரிசையில் இடம் கிடையாது என்று எல்லோரும் சொல்லிவிட்டார்களாம். அவனிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வித்தை. குனிந்து நின்று, கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் எறிவது. பதினைந்து யார், அதாவது நாற்பத்தைந்து அடி, தள்ளிப் பந்தை உதைக்க நிற்பவனின் வயிற்றுக்கு அது நேராகப் போய்ச் சேர வேண்டும்.

"எனக்குப் பிடிச்சுத் தர ஆளில்லை அங்கிள். அரை மணித்தியாலம், ப்ளீஸ்."

முடியாது என்று சொல்வதற்கும் எனக்குக் கூச்சம். போய் நின்றேன்.

அவன் குனிந்தான். கால்களுக்கு நடுவே அவன் முகம் தலைகீழாகத் தெரிந்தது. எவருடைய முகத்தையும் நேரே பார்க்கத் தயங்குகிற எனக்கு, தலைகீழான அந்த முகத்தைப் பார்ப்பதில் ஒரு தயக்கமும் வரவில்லை. பந்து சுழன்றபடி வந்தது. பிடித்தேன். பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் ஆடிய காலத்தில் விக்கெட்டுக்குப் பின்னால் நின்றவன் நான். கைகள் அதை மறக்கவில்லை.

அதன் பிறகு வார நாட்களில் ஒவ்வொரு காலையும் அப்படித்தான். வெள்ளை வெளிச்சம், காற்று ஊதும் சத்தம், பந்து வந்து உள்ளங்கையில் அடிக்கும் சத்தம். சில வேளை நான் விழித்திருக்கிறேனா, பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருக்கிறேனா என்றே தெரியாது.

"மனுசர் வேலை முடிஞ்சு வீட்டை வாறதில்லை, பந்து பொறுக்கிறார்," என்று மனைவி தன் தங்கையிடம் சொல்லிச் சிரிப்பாள்.

பந்தை எறிந்த கையோடு அவன் தலையை நிமிர்த்தி, முன்னால் வருபவனை மறிப்பது போல இரண்டு அடி பாய வேண்டும். ஆகவே பந்து போய்ச் சேருவதை அவன் பார்ப்பதில்லை. கைபேசியைப் பையில் சாய்த்து வைத்துத் தன் வேகத்தை மட்டும் பார்த்துக்கொள்வான். பந்து எங்கே வந்தது என்பதற்கு நான் ஒருவன்தான் சாட்சி.

"நேரா வந்ததா அங்கிள்?"

"ஓம் தம்பி, நேரா வந்தது."

அந்தப் பெரிய உடம்பு அப்போது சின்னப்பிள்ளை போலத் துள்ளும். அதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கும்.

பங்குனியில் தொழில்முறை அணிகளுக்கு ஆள் தெரிவு செய்கிறவர்கள் எங்கள் கூடாரத்துக்கே வந்தார்கள். கதிரைகள் அடுக்குவதற்காக நான் அன்று கூடுதல் நேரம் நின்றேன். பதினைந்து யார் தள்ளி ஓர் இரும்புச் சட்டம் வைத்து, நடுவில் சதுரமாக வலை கட்டியிருந்தார்கள். பந்து அந்த வலைக்குள் விழ வேண்டும். சட்டத்துக்குப் பின்னால் இருந்த கதவோரம் ஒளிந்து நின்று பார்த்தேன்.

அவன் குனிந்தான். எறிந்தான். பந்து சட்டத்தின் இடது கம்பியில் பட்டுத் தெறித்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது சட்டத்துக்கே வெளியே போனது.

அப்போதுதான் கவனித்தேன். அவன் குனியும் ஒவ்வொரு முறையும், கதவுக்குப் பின்னால் என் இடது கால் தானாக ஓரடி நகர்ந்துகொண்டிருந்தது.

இரண்டு மாதமாக அந்தப் பந்து நேராக வந்ததே இல்லை. விலகி வந்த பந்துக்கு நான் முன்கூட்டியே போய், வயிற்றோடு சேர்த்துப் பிடித்துவிட்டு, நேராக வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். நேராக வராதது எனக்குத் தெரியாமலும் இல்லை. அவன் துள்ளுவதைப் பார்க்கும் ஆசையில் அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

தெரிவு செய்கிறவர்கள் குறிப்பெழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் கண்ணில் படாமல் நான் பின்கதவால் வெளியேறினேன். வீட்டுக்குக் கிட்ட, சென்ட் லோரன்ட்டில் பஸ்ஸை விட்டு இறங்க வேண்டிய நான், இரண்டு தரிப்பு தள்ளி இறங்கிப் பனியில் நடந்து வீட்டுக்குப் போனேன். மனைவியிடம்தான் முதலில் சொன்னேன். அவள் இந்த முறை சிரிக்கவில்லை.

"என்னட்டைச் சொல்லி என்ன? அந்தப் பிள்ளையிட்டைப் போய்ச் சொல்லுங்கோ."

மூன்றாம் நாள் அவன் வந்தான். தனியாக உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான். கிட்டப் போய் நின்றேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை, சப்பாத்தைப் பார்த்தே சொன்னேன்.

"தம்பி, பிழை என்னிலை. பந்து நேரா வரேல்லை. நான்தான் அதுக்குப் பின்னாலை போனனான்."

"எப்ப இருந்து?"

"முதல் நாளிலை இருந்தே."

"ஏன் அங்கிள் சொல்லேல்லை?"

"உமக்கு மனம் நோகும் எண்டு..."

"இப்ப நோகேல்லையா?"

எழுந்து போய்விட்டான். அன்று அந்த வெள்ளை வெளிச்சம் எனக்குக் கூசியது.

இனி வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். அடுத்த திங்கட்கிழமை ஏழு மணிக்கு வந்தான். கையில் காருக்குள் கால் வைக்கிற கறுப்பு றப்பர் விரிப்பு ஒன்று. பனிக்குப் போடும் உப்பு அதில் அப்படியே காய்ந்திருந்தது.

"அம்மாட காரிலை எடுத்தனான். சப்பாத்து நனையுது எண்டு ஏசப்போறா. நீங்க இதிலை நில்லுங்கோ. இறங்கக் கூடாது. பந்து அங்காலை போனா விடுங்கோ, போகட்டும்."

முதல் பந்து என் இடது முழங்கையைக் கடந்து போய்க் கூடாரத் துணியில் முட்டியது. அந்த வெள்ளைச் சுவர் முழுவதும் மூச்சு விட்டது போல மெல்ல அசைந்தது. என் கால் துடித்தது, ஆனால் நகரவில்லை.

"எங்கை?" என்று கத்தினான்.

"இடப்பக்கம். ஒரு சாண்."

அவன் துள்ளவில்லை. தலையை ஆட்டிவிட்டு அடுத்த பந்தை எடுத்தான். அந்த ஒரு சாண் நாலு விரலாகிப் பிறகு இல்லாமல் போக வைகாசி வந்துவிட்டது. வெளியே பனி கரைந்து, கூடாரத்தையும் இறக்கிவிட்டார்கள்.

அந்த வருடத் தெரிவில் எந்த அணியும் அவனை எடுக்கவில்லை. அடுத்த வருடம் மேற்குப் பக்கத்து அணி ஒன்று பயிற்சிக்குக் கூப்பிட்டு, பிறகு சம்பளத்துக்கு வைத்துக்கொண்டது. போட்டியில் இன்னும் இறக்கவில்லை. போன மாதம் தொலைபேசி எடுத்தான்.

"இன்னும் வெளியிலைதான் இருக்கிறன் அங்கிள். ஆனா பந்து நேரா போகுது. நீங்க இல்லை, இஞ்சை பயிற்சி குடுக்கிறவை சொல்லினம்," என்று சிரித்தான்.

அவன் தாயார் திருப்பிக் கேட்காத அந்த றப்பர் விரிப்பு இப்போதும் என் துடைப்ப அறையில் இருக்கிறது. என் மகளோ வேறு யாருமோ எதையாவது காட்டி, "சரியா இருக்கா?" என்று ஆசையாகக் கேட்கும்போது, பதில் சொல்ல முன்பு என் கால்கள் எங்கே நிற்கின்றன என்று ஒரு முறை குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.