மருமகள் கல் சலித்த ஞாயிற்றுக்கிழமை

மயிலாப்பூரில் எங்கள் குடியிருப்புக்குக் கோடையில் லாரித் தண்ணீர்தான். அதைப் பிடித்துப் பிடித்து நான் சேர்த்துவைத்தால், மருமகள் கல்லுக்கு ஊற்றுவாள். எழுதத் தெரியாத நான் சொல்லச் சொல்ல மகன் எழுதுகிறான். வயிற்றெரிச்சலை மட்டும் குறைத்து எழுதாதே என்று சொல்லியிருக்கிறேன்.

மருமகள் பட்டத்துக்காகப் பாறைகளை ஆராய்கிறாள். இமயமலைச் சுண்ணாம்புக் கல்லைக் கல்லூரியில் அமிலம் விட்டுக் கரைத்து, மிஞ்சிய மண்டியை அடுக்குக்கு ஒரு பையாக வீட்டுக்குக் கொண்டுவந்து குளியலறையில் சலிப்பாள். கல்லூரிக் குழாய் காய்ந்துவிட்டதாம். மண்டியில் மணலைவிடச் சின்னதாக ஏதோ கடல் பிராணியின் பல் இருக்கும். அது முதன்முதலில் எந்த அடுக்கில் தலைகாட்டுகிறதோ, அங்கேதான் கோடு; நிலக்கரிக் காலம் என்று பூமிக்கு ஒரு காலமாம், அதன் ஒரு பகுதி அங்கே முடிந்து அடுத்தது ஆரம்பம். வெளிநாட்டுப் பாறையில் அதே பல் இருந்தால், இரண்டும் ஒரே வயசு. மேல் அடுக்கில் பல் கிடைத்தாகிவிட்டது. கீழ் அடுக்கிலும் உண்டா என்று திங்கட்கிழமைக்குள் சொல்லாவிட்டால் பட்டம் தள்ளிப்போகும்.

ஞாயிறு மத்தியானம் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தவள், "அத்தை, கெடச்சிடுச்சு" என்றாள். நானும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். உடைந்த சீப்புத் துண்டு மாதிரி, அத்தனை அழகு.

"வேலை முடிஞ்சுதுல்ல. பாத்ரூமைக் கழுவி வுடு."

அவள் மறுபடி பார்த்தாள். "நீலமா இருக்கு அத்தை."

"நீலமா இருந்தா இன்னா? பல்லு பல்லுதானே."

ஒவ்வொரு பை சலித்ததும் சல்லடையை நீலச் சாயத்தில் முக்குவாள். கண்ணியில் சிக்கிய பழைய துகள் நீலமாகிவிடும். அடுத்த பையோடு கலந்தாலும் அடையாளம் தெரியும். காலையில் சலித்தது மேல் அடுக்கு, இப்போது சலிப்பது கீழ் அடுக்கு. இந்தப் பல் அங்கிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது.

"யாரு பாக்கப்போறா? கீழயும் கீதுன்னு சொல்லிட்டுப் போ."

"நான் பாத்துட்டேனே."

"பெரிய ஜட்ஜு இவ."

"பையில இன்னும் பாதி மண்டி இருக்கு அத்தை. ஒரு பக்கெட் தண்ணி குடுங்க."

"ராத்திரி சோத்துக்கு வெச்சிக்கினு கீறேன். கல்லையா துன்னுவ?"

"துன்றேன். குடுங்க."

கொடுத்துத் தொலைத்தேன். சாயங்காலம் வரை தேடினாள். கீழ் அடுக்கில் ஒரு பல்கூட இல்லை. "கோடு மேலேயேதான் சார்" என்று பேராசிரியரிடம் போனில் சொன்னபோது அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். இல்லாததற்கு இப்படிக் குதிக்கிறவளை என்ன செய்வது? மகனை இட்லி வாங்க அனுப்பினேன். இலையில் கட்டித் தரச் சொல் என்றேன், தட்டு கழுவத் தண்ணீர் ஏது.