மார்கழியில் வந்த கர்னல்

எனக்குப் பதினோரு வயதுவரை காது குத்தவில்லை. அதற்குக் காரணம் ராணுவம்தான் என்று நான் சொன்னால் என் பேத்திகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மூளிக்காதோடு பள்ளிக்கூடம் போனது அவர்களா, நானா?

நகரியில் எங்கள் வீட்டு வழக்கப்படி பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். எனக்கு வாய்த்ததோ ஒரே ஒரு மாமா, அம்மாவுக்குத் தம்பி. அவரும் பட்டாளத்தில் பெரிய அதிகாரி. பர்மா சண்டைக்கு லெப்டினென்டாகப் போய், மெல்ல மெல்ல ஏறிக் கர்னல் ஆனவர். சுதந்திரம் வந்த பிறகாவது வீட்டுப் பக்கம் இருப்பார் என்று பார்த்தால், உலகத்தில் யார் யாரோ அடித்துக்கொண்டு ஓய்ந்த இடத்துக்கெல்லாம் நடுவில் போய் நிற்க இவரைத்தான் அனுப்பினார்கள். முதலில் கொரியா, அப்புறம் இந்தோசீனா, கடைசியில் காசா. சண்டை போட்டவனெல்லாம் வீடு போய்ச் சேர்ந்துவிட்டான், சமாதானம் பண்ணப் போன மச்சானைத்தான் காணோம் என்பார் நைனா, அதாவது என் அப்பா. அவருக்கு மச்சானைக் கிண்டல் செய்யாவிட்டால் சோறு இறங்காது.

கிண்டலுக்குத் தோதாக ஊரும் நடந்துகொண்டது. மாமா கொரியாவில் இருந்தபோது நாங்கள் வீட்டைவிட்டு நகராமலே, ஊரோடு சென்னை ராஜ்யத்திலிருந்து புதிதாகப் பிரிந்த ஆந்திராவுக்குப் போய்விட்டோம். அவர் பழைய விலாசத்தையே எழுதிக்கொண்டிருந்தார். பிறகு எந்தக் கிராமம் யாருக்கு என்று எல்லைப் பேச்சு கிளம்பி, வருஷக்கணக்கில் இழுத்தது. நைனா பதில் கடுதாசியில், ஊரான் எல்லையெல்லாம் காவல் காக்கிறீர்கள், நம்மூர் எல்லை எந்தப் பக்கம் போகிறதென்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்று எழுதுவார்.

அம்மாவுக்கு எல்லையும் தெரியாது, கொரியாவும் தெரியாது. தம்பி வர வேண்டும், என் காதைக் குத்த வேண்டும், அவ்வளவுதான். மூன்று தடவை நாள் குறித்தாள். மூன்று தடவையும் லீவு கிடைக்கவில்லை. நான் குழந்தையாக இருந்தபோது செய்து வைத்த கம்மல் பொடிசாகத் தெரிய ஆரம்பித்து, அதை அழித்து வேறு செய்தாள். மாமன் வர முடியாவிட்டால் அவன் துண்டை மடியில் போட்டுக்கொண்டு வேறு யாராவது உட்காரலாம் என்று காது குத்துகிற ஆசாரியே சொல்லிப் பார்த்தார். அம்மா கேட்கவில்லை. தம்பி என்ன செத்தா போய்விட்டான் என்று அவரைக் கடிந்துகொண்டாள்.

அப்படியிருக்க, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் மாமா வந்து நின்றார். காசாவுக்குக் கிளம்புமுன் பத்து நாள் லீவாம். மனைவியைப் பலமனேரில் அவள் தாய்வீட்டில் விட்டுவிட்டு நேராக எங்களிடம் வந்துவிட்டார். அம்மா வாசலிலேயே, "டேய், என்னாடா இப்பிடி எளச்சிப் பூட்ட?" என்று அதட்டினாள். ஆயிரம் பேரை அதட்டுகிற மனிதர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்தார். எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம், ஒன்று மாமாவைப் பார்த்ததில், இன்னொன்று காதை நினைத்து.

ஆனால் அது மார்கழி மாதம். மார்கழியில் எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியமும் செய்ய மாட்டார்கள். மாமா அம்மாவைக் கெஞ்சினார்.

"அக்கா, இப்ப நான் இங்க இருக்கிறேன். இப்பவே குத்திடு. அப்பால என்னா ஆவுமோ, யாருக்குத் தெரியும்?"

"மார்கழில யாரனா காது குத்துவாங்களாடா? தை பொறக்கட்டும். லீவ நீட்டிக்கினு வா."

டில்லி உத்தரவையாவது மாற்றிவிடலாம், இந்த வீட்டுப் பஞ்சாங்கத்தை மாற்ற முடியாது என்று நைனா சிரித்தார். மாமா சுவரில் மாட்டியிருந்த காலண்டருக்கு விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தார். நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மாவும்தான். தை பிறக்குமுன்பே அவர் கப்பலேறிவிட்டார்.

அடுத்த வருஷம் வெயில் தொடங்கும்போது தந்தி வந்தது. மாமாவுக்கு முகாமில் தூக்கத்திலேயே மாரடைப்பு. குண்டு இல்லை, சண்டை இல்லை. அங்கேயே தகனம் செய்து, சாம்பலை மட்டும் பலமனேருக்கு அனுப்பினார்கள். மரியாதை பலமாகத்தான் செய்தார்களாம். அதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்ய?

அம்மா அழுது ஓய்ந்த பிறகு ஒரே பேச்சுதான். மார்கழியில் குத்தியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? சோறு வடிக்கும்போதும் அதுதான், தலை வாரிவிடும்போதும் அதுதான். என் காதைத் தொட்டால் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வாள். நைனா கிண்டலையே மறந்துபோனார். வீடு வீடாக இல்லை.

ஆடி பிறந்ததும் அம்மா எழுந்தாள். திருப்பதியில் ஒரு சத்திரத்தில் கூடம் பேசி, ஆசாரியை வரச் சொல்லி, பலமனேருக்கு ஆள் அனுப்பி அத்தையை, அதாவது மாமாவின் மனைவியை, வரவழைத்தாள். நைனாவின் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாவு விழுந்து வருஷம் திரும்பவில்லை, மாதமோ ஆடி, போதாக்குறைக்குத் தாலி அறுத்தவள் நல்ல காரியத்துக்கு முன்னால் வந்து நிற்பதா என்று கூடத்திலேயே சத்தம் போட்டார். அத்தை முகம் சுருங்கி, சமையற்கட்டுப் பக்கம் ஒதுங்கப் போனாள். எனக்கு நைனாவின் அக்காவைக் கடித்து வைக்கலாமா என்றிருந்தது.

அம்மா அத்தையின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நாளு பாத்து பாத்துத்தான் எந்தம்பிய உட்டுட்டேன். இனிமே பாக்க மாட்டேன். மாமன் மடி வோணும். அவன் இல்ல, நீ கீற. உக்காரு."

அத்தை மணையில் உட்கார்ந்தாள். நான் அவள் மடியில் உட்கார்ந்தேன். பதினோரு வயதுக் கழுதை நான், என் கால் தரையில் இழுபட்டது. அவளுக்குக் கட்டாயம் வலித்திருக்கும், ஆனாலும் இடுப்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆசாரி வெளியே கொலுமை என்கிற சின்னக் கரி உலையை வைத்து ஊசியைச் சூடாக்கிக்கொண்டு உள்ளே வந்தார். எத்தனையோ வீட்டில் கேட்டுப் பழகிய வாய், யோசிக்காமல் கேட்டுவிட்டது, தாய்மாமன் எங்கே என்று.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான்தான்," என்றாள் அத்தை. "குத்துங்க."

ஊசி இறங்கியதும் நான் போட்ட கூச்சல் ஏழு மலைக்கும் கேட்டிருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், நைனா கூடத்துத் தூணில் சாய்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மாசக்கணக்கில் எடுக்காத கிண்டலை எடுக்கப் பார்த்தார்.

"மச்சானுக்கு ஒருவழியா லீவு கெடச்சிது," என்றவர், முடிக்க முடியாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.